எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி

மகள் போன பிறகு என் மனைவி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க அவ தனியா இருப்பாளே, இன்னாங்க பண்ணுவா?" சோறு போடும்போது கேட்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்பாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, டிக்கெட் வாங்கிய கையோடு கேட்பாள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவன். செத்தவர்கள் எங்கேயும் இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் மகளுக்குத் தனியாக இருக்கவே தெரியாது. கல்லூரிக்குப் போகிற வயதிலும் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். இருட்டின பிறகு வீட்டுப் பின்புறம் போக வேண்டுமென்றால் யாராவது பின்வாசல் படியில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் இருட்டுக்குள்ளிருந்து "அப்பா, இருக்கியா?" என்று குரல் வரும். "இருக்கேம்மா" என்பேன். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசியில் கொண்டுபோன அறைக்குள் சொந்தக்காரர்கள் யாரும் போக முடியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம், அந்தப் பக்கம் அவள் போய்விட்டாள். என் மனைவியின் கேள்வி அந்தக் கதவிலிருந்து வந்தது.

எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றை ஒட்டி இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். ஆடி மாதம் ஆற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, செம்பில் தண்ணீர் மொண்டு, அதற்குப் பூச்சுற்றி, அவளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். புதுப்புடவை, வளையல், வாழையிலையில் படையல் எல்லாம் உண்டு. குடும்பத்தில் யார் மேலாவது அவள் இறங்கிப் பேசுவாள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே, கல்யாணம் ஆகாமலே செத்துப்போனவர்.

அத்தை வழக்கமாக என் தம்பி மனைவியின் மேல்தான் வருவார். வந்தால் மஞ்சள் புடவை கேட்பார், என் தம்பியை வாடா போடா என்பார். வருஷத்துக்கு ஒருநாள் புருஷனை வாடா போடா என்று கூப்பிடக் கிடைக்கிற வாய்ப்பை எந்தப் பெண் விடுவாள் என்று நான் தம்பியைச் சீண்டுவேன். அவனும் சிரிப்பான். எங்கள் வீட்டுச் சாமி மேல் எனக்கு அந்த அளவுக்குத்தான் மரியாதை இருந்தது.

மகள் போன பிறகு வந்த ஆடியில், அவளையும் சேர்த்துக் கூப்பிடலாம் என்று பங்காளிகள் பேச்செடுத்தார்கள். நான் அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். சாமியாக்கிக் கும்பிடுவதற்காக நான் அவளைப் பெறவில்லை என்று கத்தினேன். அதனால் அத்தையை மட்டும் அழைத்துவந்தார்கள். தம்பி மனைவி ஆட ஆரம்பித்தாள். இந்த முறை புடவை கேட்கவில்லை. நேராக என் மனைவியிடம் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அழுவற? உம் பொண்ணு எங்கிட்டதான் கீறா. எம் மடியிலதான் படுத்துக்கினு கீறா."

என் மனைவி கேட்டாள், "முந்தானையப் புடிச்சிக்கினு தூங்கறாளா?"

"வுடமாட்டேங்கறா," என்றாள் அவள்.

அன்றைக்கு என் மனைவி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். தம்பி மனைவி நடித்தாளா, நிஜமாகவே தன்னை மறந்து பேசினாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் அவள் காலில் விழலாம். அதற்குப் பிறகு என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பூ வாங்கினால் அத்தையின் படத்துக்கென்று ஒதுக்கிய வெறும் சுவரில் முதலில் ஒரு கண்ணிப் பூ வைத்துவிட்டுத்தான் மகள் படத்துக்கு வைப்பாள். அத்தைக்குப் படம் எதுவும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குச் செய்ய வேண்டாமா என்பாள்.

அவள் தூங்கினாள், எனக்குத்தான் தூக்கம் நிலைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எப்போதாவது வந்துபோன ஒரு கனவு இப்போது விடாமல் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிட வாயைத் திறக்கிறேன், பெயர் வரவில்லை. அது என் மகள் இல்லை என்று மட்டும் கனவிலேயே தெரியும். வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதியில் நின்றுபோக ஆரம்பித்தேன். தலைமையாசிரியர் கள்ளக்குறிச்சியில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

அந்த அம்மா ஆழ்மன உளவியல் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்துப் போனால் கனவைச் சொல்லுங்கள் என்றார். இதற்கு எங்கள் ஊரில் குறி சொல்கிறவர் போதுமே, சங்கராபுரத்தில் பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். ஒருத்தருடைய மனசு அவரோடு முடிந்துவிடுவதில்லை, அதற்கு அடியில் பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் பேசாமல் விட்டதெல்லாம் தேங்கிக் கிடக்கும் என்றார். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத துக்கம் பிள்ளைகளின் கனவில் வந்து நிற்குமாம். எங்கள் ஊரில் ஒருத்தர் போர்வெல் போட்டால் பக்கத்துக் கழனிக் கிணறு வற்றிப்போகும். அதனால் அடியில் எல்லாம் ஒன்று என்பதை நம்புவதற்கு எனக்குச் சிரமமாக இல்லை.

அழாமல் விட்ட சாவு எதுவும் உங்கள் வீட்டில் உண்டா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் சாவு என்றால் அழுகைக்குப் பஞ்சமே இல்லை, செத்துப்போன அத்தைக்கு வருஷா வருஷம் புடவை எடுத்து வைத்து அழுகிறோம் என்று பூவாடைக்காரியின் கதையைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க எப்படி செத்தாங்க, சார்?"

பாம்பு கடித்தது என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். கிணற்றில் விழுந்ததாகப் பெரியப்பா வீட்டில் சொல்வார்கள். அம்மை வார்த்துப் போய்விட்டாள் என்றும் கேட்டிருக்கிறேன். ஒரே ஆள் இத்தனை விதமாகச் செத்திருக்கிறாளே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. திரும்பி வரும் பஸ் முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

அப்பா கழனியில் மோட்டார் கொட்டாயில் இருந்தார். வயதான பிறகு அவருக்கு அங்கேதான் இருப்பு. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு, "அக்கா சாவல," என்றார்.

கரும்பு வெட்ட மலையிலிருந்து வந்த ஒருவரோடு அத்தை போய்விட்டார். கல்வராயன் மலைக்காரர். தாத்தா தேடிப்போகவில்லை. மகள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லி, வைக்கோலில் உருவம் செய்து கொளுத்தி, கருமாதியும் பண்ணிவிட்டார். பத்து வயதுகூட நிரம்பாத என் அப்பாவுக்கும் மொட்டை அடித்தார்களாம். சில வருஷம் கழித்து வீட்டில் மாடுகள் அடுத்தடுத்துச் செத்தன. குறி கேட்கப் போனார்கள். இந்த வீட்டுக் கன்னி ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், பூவாடைக்காரியாகக் கூப்பிட்டு வையுங்கள் என்று குறி சொன்னவர் சொன்னார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பங்காளிகள் முன்னால் தாத்தாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மகள் யாரோடு போனாள் என்பது வெளியே வரும். அதனால் ஆற்றில் ஊற்றுத் தோண்டி, உயிரோடிருக்கும் மகளைச் செத்தவளாகக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை.

அப்பா ஒருமுறை அக்காவைப் பார்த்திருக்கிறார். கச்சிராயபாளையம் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தாராம். அக்கா இவரைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எந்த ஊர் என்று விசாரித்து மட்டும் வைத்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அந்த வயதான கழுத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

முதலில் எனக்குப் பைத்தியக்கார ஆசை ஒன்று வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருஷம் நாங்கள் செத்தவள் என்று கும்பிட்டவள் உயிரோடு இருக்கிறாள் என்றால், என் மகளும் எங்கேயாவது புளி விற்றுக்கொண்டு இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நானே கொள்ளி வைத்தவன். இருந்தும் ஒரு பகல் முழுக்க அப்படி நினைத்துக்கொண்டு சைக்கிளை எங்கே விட்டேன் என்று தெரியாமல் அலைந்தேன். அது தெளிந்த பிறகுதான் அடுத்த பயம் வந்து பிடித்தது. அத்தை உயிரோடு இருந்தால் என் மகள் யார் மடியில் படுத்திருக்கிறாள்? என் மனைவிக்கு நான் என்ன சொல்வது?

அவளிடம் எதுவும் சொல்லாமல் மலைக்குப் புறப்பட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ், கோமுகி அணையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறும். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்துப் போனேன். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் ஓட்டு வீடு. வெளியே உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவருக்கு என் அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. நான் யார் என்று சொன்னேன். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்துவிட்டு, "என் தம்பி இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

கருமாதி பண்ணியது அவருக்குத் தெரியும். பூவாடைக்காரி ஆனது தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்கே தெரியாம வருசா வருசம் நான் வந்துக்கினு இருந்தேனா? வந்து இன்னா கேப்பேன்?" என்றார். மஞ்சள் புடவை கேட்பீர்கள் என்றேன். மஞ்சள் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதாம். புருஷன் போய் ரொம்ப நாளாகிறது, ஒரே மகன், பேரன் பேத்தி எல்லாம் பக்கத்து வீட்டில் என்று சொன்னார். மலையில் செத்தவர்களை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கூப்பிடுவதில்லை என்றார். அந்த வீட்டில் புதுச் சாமையை வாயில் வைப்பதற்கு முன்னால் கொல்லை ஓரத்தில் ஆக்கி, போனவர்களுக்கு இலை போடுவார்கள், அவ்வளவுதான். "இங்கியே கீறவங்கள எதுக்குப்பா கூப்பிடணும்? வெளியாளத்தான் கூப்பிடணும்," என்றார்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ஆற்றங்கரைப் புளியமரம் இருக்கிறதா, வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது போல எழுந்து போய், நல்ல புடவை ஒன்றை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ போம்போது உங்கூட வரட்டுமா? ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

வாருங்கள் என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். தம்பியும் அக்காவும் சாவதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும், இந்தப் பொய் எங்கள் தலைமுறையோடு ஒழியட்டும் என்று பஸ்ஸில் முடிவு பண்ணி வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் என் மகளைப் பற்றித்தான் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், கதவைச் சொன்னேன், என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். ஆடிப் படையலில் நீங்கள் வந்து, பிள்ளை என் மடியில் இருக்கிறாள் என்று சொன்னீர்கள், அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுகிறாள் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். மகள் இறந்த பிறகு நான் அப்படி அழுதது அங்கேதான், முன்பின் பார்க்காத ஒரு வயதான பெண் முன்னால்.

அத்தை மடியிலிருந்த புடவையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து அதை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"நான் வரல. செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்."

வேண்டாம் அத்தை என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டார். முட்டைப் பொரியல் பிடிக்கும் என்றேன். பேச்சை நிறுத்தினால் பயந்துவிடுவாள் என்றும் சொன்னேன். புதுச் சாமை இலை போடும்போது வரச் சொன்னார். போனேன். கொல்லை ஓரத்தில் புருஷனுக்கும் மாமனார் மாமியாருக்கும் போட்ட இலைகளுக்குப் பக்கத்தில், தான் உட்காரும் இடத்தை ஒட்டிச் சின்ன இலை ஒன்று போட்டிருந்தார். அதில் சாமைச் சோறும் முட்டைப் பொரியலும் இருந்தன. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கோழி எங்கே முட்டை வைத்தது, எந்த வருஷம் மழை ஏமாற்றியது, பேரன் எப்படிப் பலாமரத்திலிருந்து விழுந்தான் என்று அந்த இலையிடம் பேசிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கியபோதுகூட முழுசாக நிறுத்தவில்லை. செத்தவர்கள் எங்கேயும் இருப்பதில்லை என்று தெரிந்த நான், அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோடையில் அவருடைய மகன் போன் செய்தார். அம்மா காலையில் எழுந்திருக்கவில்லை என்றார். அப்பாவிடம் சொல்லி, வருகிறாயா என்று கேட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு என்றார். நான் மட்டும் போனேன். அந்த நல்ல புடவையைத்தான் உடுத்தியிருந்தார்கள். என் பங்குக்கு நானும் ஒரு கை மண் போட்டேன். அங்கேயே ஓடையில் முழுகிவிட்டுப் பஸ் ஏறினேன். அவரை நான் பார்த்தது கொஞ்ச நாள்தான். ஆனால் மகளை இரண்டாவது முறை பறிகொடுத்தது மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்ததும் நேராக மோட்டார் கொட்டாய்க்குப் போய் அடக்கம் முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, வேட்டியோடு கொட்டுகிற தண்ணீருக்கடியில் போய் நின்றார். முன்பு அவருக்கு வைக்கோல் உருவத்துக்காக மொட்டை அடித்தார்கள். இப்போதுதான் அவர் தன் அக்காவுக்காக முழுகினார். மாட்டுக்குப் புல் எடுக்க வந்த என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டாள்.

"யாருங்க செத்தது?"

இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. பூவாடைக்காரி செத்துவிட்டார் என்றேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புல்லுக்கட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்போ இத்தினி நாளா எம் பொண்ணு தனியாவா இருந்தா?"

மலையில் போட்ட சின்ன இலையைப் பற்றிச் சொன்னேன். முட்டைப் பொரியலைச் சொன்னேன். பேச்சு நிற்கக் கூடாது என்று அத்தை பேசிக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். அவள் புல்லுக்கட்டோடு வீட்டுக்குப் போனாள்.

பொழுது சாய்ந்து நான் உள்ளே போனபோது அவள் பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. எருமை இன்றைக்குப் பால் கம்மியாகக் கறந்தது, பக்கத்து வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள், வெயில் ஜாஸ்தியாகிவிட்டது என்று வெளியே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பேசிக்கொண்டே வந்தவளுக்கு ஓரிடத்தில் பேச்சு நின்றுபோனது.

"இருக்கேம்மா," என்றேன் நான்.